ஒரு வெளிச்சம், ஐந்து படங்கள்

(போடிநாயக்கனூரில் ஒளிப்பட ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேமராவின் தலையில் இருக்கும் சக்கரத்தை 'ஆட்டோ'வில் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம் அதைத் தொடாமலே ஆண்டுகளை ஓட்டியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எவ்வளவு வெளிச்சம் போதும் என்ற கணக்கை இன்றைய ஆட்டோ நம்மைவிட வேகமாகப் போட்டுவிடுகிறது. அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் எதைக் கண்டு வண்டியை ஓரங்கட்டினீர்கள் என்பது.

முந்தல் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறுகிறீர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி இறங்குகிறீர்கள். கீழே போடி ஊரும் அதற்கப்பால் சமவெளியும் விரிந்து கிடக்கின்றன. பாறை இடுக்கில் ஒரு பூ காற்றில் ஆடுகிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஜீப் ஒன்று வளைவில் திரும்புகிறது. மூன்றின் மேலும் விழுவது ஒரே வெயில்தான். ஆனால் ஊரைப் படமாக்க ஒரு முடிவு, பூவுக்கு ஒரு முடிவு, ஜீப்புக்கு இன்னொரு முடிவு தேவைப்படுகிறது. கேமராவிடம் விட்டால் மூன்றுக்கும் பொதுவாக நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். மூன்றும் சுமாராக வரும். எதுவும் நாம் பார்த்தபடி வராது.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அப்பர்ச்சரும் ஷட்டரும் வெளிச்சத்தை அளக்கின்றன என்பது பாதிக் கதை. இந்தப் படத்தில் எதை விட்டுக்கொடுப்பேன், எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் கேமராவுக்குச் சொல்லும் இடமும் அவைதான்.

முதலில் எண்களை முடித்துவிடுவோம். அவற்றைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் துவாரம்தான் அப்பர்ச்சர். எஃப் 2, எஃப் 4, எஃப் 8 என்றெல்லாம் எழுதியிருப்பது, லென்ஸின் குவிய நீளத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மி.மீ. அகலம். எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. எஃப் 16 என்றால் மூன்று மி.மீ.க்குச் சற்றே அதிகம். எண் பெரிதானால் துவாரம் ஏன் சிறிதாகிறது என்று புதியவர்கள் குழம்புவது இந்த வகுத்தலால்தான்.

அடுத்து, 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று அந்த வரிசை ஏன் கோணல்மாணலாக ஓடுகிறது? வட்டத்தின் விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எனவே எஃப் 2-இலிருந்து எஃப் 4-க்குப் போனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. சரிபாதியாக்க நடுவில் 2.8 வேண்டியிருக்கிறது. இந்த வரிசையில் ஒரு படி நகர்ந்தால் வெளிச்சம் சரியாகப் பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை வினாடியில் சொல்லும் வரிசை இன்னும் எளிது: 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60, 1/30, 1/15. இதிலும் ஒரு படி என்பது பாதி அல்லது இரட்டிப்பு. இரண்டு வரிசையும் ஒரே அளவில் படி வைப்பதால் ஒன்றில் குறைப்பதை மற்றதில் கூட்டிக்கொள்ளலாம்.

சித்திரை மாத நண்பகலில் போடி பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் மேகமில்லை. சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப் 16, 1/125 வினாடி என்று வைத்தால் படம் ஏறக்குறையச் சரியாக வரும். பிலிம் காலத்திலிருந்து ஒளிப்படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வாய்பாடு இது. இப்போது ஒவ்வொரு படியாக மாற்றுவோம். எஃப் 11, 1/250. எஃப் 8, 1/500. எஃப் 5.6, 1/1000. எஃப் 4, 1/2000. முதலாவதையும் சேர்த்து ஐந்து இணைகள். ஐந்திலும் சென்சாரில் விழும் வெளிச்சத்தின் அளவு ஒன்றே.

குடத்தை நிரப்பும் குழாயை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். குழாயை முழுக்கத் திறந்தால் சீக்கிரம் நிறையும், ஒடுக்கித் திறந்தால் மெதுவாக நிறையும். உவமை சரிதான், ஆனால் பாதி வழியில் நம்மைக் கைவிட்டுவிடும். எப்படி நிரப்பினாலும் குடத்தில் இருப்பது அதே தண்ணீர். படம் அப்படி இல்லை. எஃப் 16-இல் எடுத்ததில் அங்கே நிற்கும் பேருந்து நடத்துநரும் தெரிவார், அவருக்குப் பின்னால் இருக்கும் கடைப் பலகையும் வாசிக்கும்படி தெரியும். எஃப் 4-இல் நடத்துநர் மட்டும் தனித்து நிற்பார், பலகை கலங்கிப் போகும். 1/125-இல் அவர் ஆட்டிய கை கொஞ்சம் இழுபடும். 1/2000-இல் கை அப்படியே உறைந்து நிற்கும். வெளிச்சம் ஒன்று, படங்கள் ஐந்து.

இனி ஒவ்வொன்றாக மலைக்குக் கொண்டுபோவோம். முதலில் ஷட்டர்.

விடிவதற்கு முன்பே இந்தச் சமவெளி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளைவில் ஒரு ஜீப் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்று கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு 5 மீட்டர். ஷட்டர் 1/500 என்றால், அது திறந்திருக்கும் நேரத்தில் ஜீப் நகர்வது ஒரு சென்டிமீட்டர். 1/50 என்றால் பத்து சென்டிமீட்டர். 1/5 என்றால் ஒரு மீட்டர். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகமே ஒரு சாண் அகலத்துக்குள்தான். அது பத்து சென்டிமீட்டர் இழுபட்டால் யார் என்று அடையாளம் தெரியாது. ஆக, முகம் வேண்டுமானால் 1/500 பக்கம் போக வேண்டும்.

ஆனால் அந்த அதிகாலையில் 1/500-க்கு வெளிச்சம் ஏது? இந்த இடத்தில் கணக்கைவிட நிற்கும் இடம் உதவும். குறுக்கே ஓடும் வண்டியைவிட நம்மை நோக்கி வரும் வண்டி படத்தில் மிகக் குறைவாகவே நகரும். வளைவு முடிந்து நேராக உங்கள் பக்கம் திரும்பும் இடத்தில் எடுத்தால் 1/125 கூடப் போதுமானதாகிவிடும். அதோடு, ஏறி வருகிற வண்டி வளைவின் நடுவில் கியர் மாற்றும்போது ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்துக்குக் காத்திருப்பவருக்கு விலை உயர்ந்த லென்ஸ் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: வளைவின் உட்பக்கத்தில் நிற்காதீர்கள். பேருந்தின் பின்பகுதி எவ்வளவு உள்ளே வெட்டித் திரும்பும் என்று இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முகங்களை எடுப்பதாக இருந்தால், வண்டி நிற்கும் இடத்தில் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அசைவு மங்கலாகப் பதிவதைப் பிழை என்றே பலர் நினைக்கிறார்கள். சினிமாவைப் பாருங்கள். வினாடிக்கு 24 சட்டகம். வழக்கமான முறையில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஷட்டர் 1/48 வினாடி. அதாவது திரையில் ஒருவர் நடந்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் அவர் கால் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும். அந்தக் கலங்கலைத்தான் நம் கண் நடை என்று ஏற்றுக்கொள்கிறது. ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினால் நடை வெட்டு வெட்டாகத் துள்ளும். லெனின் பாரதி இயக்கி, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்து 2018-இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தை மறுபடி பார்க்கும்போது, கதையை விட்டுவிட்டு நடையை மட்டும் கவனியுங்கள். சுமை தூக்கி மலையேறும் மனிதனைப் பற்றிய படம் அது. நடை துள்ளினால் சுமை கனக்காது.

வீடியோ எடுக்கும் இளைஞர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைக்கிறீர்கள். நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100-இல் 1/50-க்கு எஃப் 25 வேண்டியிருக்கும். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் கூர்மை இழக்கும். வெளிச்சத்தை நான்கு படி குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்றை லென்ஸில் மாட்டினால் எஃப் 6.3-இல் அதே 1/50 கிடைக்கும். கொட்டகுடி ஆற்றில் அணைப்பிள்ளையார் தடுப்பணையில் வழியும் தண்ணீரை வெண்பட்டாக எடுக்க ஆசைப்படுபவர்களுக்கும் அரை வினாடி, ஒரு வினாடி வேண்டும். அவர்களுக்கும் அதே ஃபில்டர்தான், இன்னும் கறுத்ததாக.

ஜீப்புக்குத் திரும்புவோம். முகத்தை விட்டுக்கொடுத்து வேகத்தைக் காட்ட வேண்டுமா? 1/30 வைத்து, ஜீப்போடு சேர்த்துக் கேமராவையும் திருப்புங்கள். கால் ஊன்றிய இடத்தில் நிற்க, இடுப்பிலிருந்து மேலே மட்டும் திரும்ப வேண்டும். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. ஜீப் ஓரளவு தெளிவாகவும் மலைச்சரிவு கோடு கோடாகவும் வரும். பத்துக்கு ஒன்று தேறினாலே நல்ல அறுவடை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருக்கிறது, ஆகவே 1/15 போதும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரில் இருப்பவர் அசைவதை அது ஒன்றும் செய்யாது. உங்களுக்கு நடுக்கம் இல்லை என்பதால் ஜீப் நின்றுவிடாது.

ஷட்டர் என்ற ஒரு பாகமே இல்லாத காலம் இருந்தது. 1838-இல் பாரிஸில் ஒளிப்பட முன்னோடி டாகேர் எடுத்த ஒரு தெருப் படம் உலகப் புகழ் பெற்றது. வண்டியும் ஆளும் நடமாடிய தெரு படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஒருவர் ஒரே இடத்தில் நின்றதால் பதிந்திருக்கிறார். இங்கிருந்து 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்கு 1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் வந்தார். மெழுகு ஊட்டிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து, பொறுத்திருந்து, மறுபடி மூட வேண்டும், அதுவே ஷட்டர். காத்திருப்பு நிமிடக் கணக்கில்கூடப் போகும். கோயிலும் மண்டபமும் கல்லாக இருந்ததால் அற்புதமாகப் பதிந்தன. நடந்து போனவர்கள் அந்தக் காகிதத்தில் பதிய வழியே இல்லை. அவர் நகராதவற்றைத் தேடிப் போனதற்கு ரசனையோடு சேர்த்து ஷட்டரும் காரணம்.

அதே 1858-இல்தான் இங்கிலாந்தில் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர், வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை லென்ஸுக்குள் செருகும் முறையைக் கொண்டுவந்தார். பெரிய துளை வேண்டுமானால் ஒரு தகடு, சிறிய துளைக்கு வேறு தகடு. இன்று கட்டைவிரலால் சக்கரத்தைத் தட்டி எஃப் 4-இலிருந்து எஃப் 8-க்குப் போகிறோமே, அதன் முன்னோர் அந்தத் தகடுகள்.

இப்போது அப்பர்ச்சர். இதற்கு ஏலத்தோட்டத்துக்குள் நுழைய வேண்டும்.

ஏலச்செடி நிழல் தேடும் பயிர். மேலே மரங்களின் கிளைகள், அதற்குக் கீழே ஆள் உயரத்தைத் தாண்டிய ஏல இலைகள். வெட்டவெளி வெயிலைவிடத் திறந்த நிழலிலேயே வெளிச்சம் நான்கு படி குறைவு. செடிகளுக்குள் புகுந்தால் இன்னும் இரண்டு மூன்று படி போய்விடும். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 4 என்றால் ஷட்டர் 1/15-க்கு இறங்கிவிடுகிறது. காய் பறிக்கும் விரல்கள் அந்த வேகத்தில் புகையாகிவிடும். 1/125 வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 800. கேமராவோடு சேர்த்துத் தரும் 18–55 லென்ஸை 55-இல் நீட்டினால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, ஆகவே 1600. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றத் தயங்காதீர்கள். அதனால் வரும் புள்ளிப் புள்ளியான நாய்ஸைக் கணினியில் பெருமளவு குறைத்துவிடலாம். அசைந்து கலங்கிய விரலைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளும் நம்பத்தக்கதாக இல்லை.

தோட்டத்தில் குனிந்து பாருங்கள். ஏலப்பூ செடியின் உச்சியில் பூப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையை ஒட்டி நீளும் சரத்தில் பூக்கிறது. வெண்மையான இதழில் ஊதாக் கோடுகள். தேனீக்கு வழிகாட்டும் கோடுகள் அவை. அதை முழு அளவில், அதாவது பூவின் ஒரு மி.மீ. சென்சாரிலும் ஒரு மி.மீ. ஆகும்படி, மேக்ரோ லென்ஸில் எடுத்தால் முழுச்சட்டகக் கேமராவில் எஃப் 8-இல் தெளிவு எவ்வளவு ஆழம் கிடைக்கும் தெரியுமா? ஏறக்குறைய ஒரு மி.மீ. எஃப் 16-இல் இரண்டு மி.மீ. உங்களில் வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் பழக்கமான எட்டு மி.மீ. காயை அப்படி எடுத்தால், காயின் ஒரு பக்கத்து வரிகள் மட்டும்தான் கூர்மையாக இருக்கும். மறுபக்கம் பச்சை மேகம். எஃப் 22, எஃப் 32 என்று ஒடுக்கிக்கொண்டே போனால் ஒளிச் சிதறலால் எல்லாமே மழுங்கும்.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு வழி, கேமராவின் முகத்தைக் காயின் நீளத்துக்கு இணையாக வைப்பது. தெளிவு என்பது லென்ஸுக்கு எதிரே சுவர்போல நிற்கும் ஒரு தளம். காயை அந்தத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைத்தால் நுனியும் காம்பும் ஒருசேரத் தெளியும். இன்னொரு வழி, ஸ்டாண்டில் வைத்து, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவது. மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: ஒரு மி.மீ.தான் கிடைக்கும் என்றால், அது எந்த ஒரு மி.மீ. என்று தீர்மானிப்பது. பூவில் ஊதாக் கோடா, மகரந்தமா? இரண்டையும் ஆசைப்பட்டவருக்கு இரண்டுமே சரியாக வராது.

அகன்ற காட்சியில் கதை தலைகீழ். கொழுக்குமலையில் 2018-இல் குறிஞ்சி பூத்தபோது அங்கே போனவர்கள் இங்கே இருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. அதற்குள் இந்தக் கணக்கைப் பழகிவிடலாம். அருகில் பூ, தொலைவில் மலை அடுக்கு, இரண்டும் தெளிவாக வேண்டும். ஏ.பி.எஸ்.-சி. சென்சார் உள்ள சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் 18 மி.மீ., எஃப் 8 வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில் குவியம் வையுங்கள். ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். பலர் குவியத்தைத் தொலைவு மலையில் வைத்துவிட்டுப் பக்கத்துப் பூ கலங்கியது என்று எஃப் 22-க்கு ஓடுவார்கள். ஓட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் மலைமுகட்டில் காற்று உண்டு. பூ வினாடிக்கு 30 செ.மீ. ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1/30-இல் ஒரு செ.மீ. இழுபடும். 1/250-இல் ஒரு மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். ஒரு மீட்டர் தூரத்துக்கு அது பொறுக்கத்தக்கது. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8-க்கு 1/500 கிடைக்கும், பிரச்சினையே இல்லை. மேகம் மூடி நான்கு படி குறைந்தால் 1/30. அப்போது ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கினால் 1/250 திரும்பக் கிடைக்கும். ஆழத்தையும் விடவில்லை, அசைவையும் அடக்கினோம். விட்டுக்கொடுத்தது கொஞ்சம் நாய்ஸ் மட்டும். இப்படி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: எதை விட்டேன், எதைப் பிடித்துக்கொண்டேன் என்று.

போடிமெட்டின் மூடுபனியைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாது. வெண்பனி மூடிய சாலையை ஆட்டோவில் எடுத்தால் படம் அழுக்குச் சாம்பலாக வரும். காரணம், கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக் கணக்குப் போடும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிவிட்டது என்று குறைத்துவிடும். ஒரு படி கூட்டி வையுங்கள், பனி வெள்ளையாகும். ஏலத்தோட்டத்தின் கரும்பச்சையில் இதற்கு நேர்மாறு. ஒளிமானி ஏமாந்து கூட்டிவிடும், நாம் சற்றே குறைக்க வேண்டும். எந்தக் குமிழால் கூட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். அப்பர்ச்சர் முன்னுரிமையில் இருந்தால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும்; ஷட்டர் முன்னுரிமையில் இருந்தால் துவாரத்தை விரிக்கும். முகட்டைத் தாண்டி வழியும் பனியை 1/250-இல் எடுத்தால் அதன் கிழிசல்களும் சுருள்களும் தெரியும். ஸ்டாண்டில் வைத்து இரண்டு வினாடி எடுத்தால் ஆறுபோல ஓடும். இரண்டும் உண்மைதான், உங்களுக்கு எது என்பதே கேள்வி.

ஊருக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் போன்ற உள்ளரங்குகளில், மாதிரிக் காயைக் கையில் அள்ளிப் பார்க்கும் வியாபாரியை 1/500-இல் எடுத்தால் சில படங்கள் இருண்டும், சில படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகவும் வரலாம். கேமரா கெட்டுவிட்டதோ என்று தோன்றும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதனால் பல குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது; வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். 1/100 அல்லது 1/50 வையுங்கள். ஒரு முழு ஏற்ற இறக்கமாவது உள்ளே வந்துவிடுவதால் பட்டை மறையும். இந்த இடத்தில் மெதுவான ஷட்டரே சரியான ஷட்டர். கை அசைவு கொஞ்சம் கலங்கினால், சரக்கைப் புரட்டும் கை கலங்கியது என்றே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

கடைசியாக, இரவில் மலைச்சாலை விளக்குகள். மலை நமக்கு மேற்கே இருப்பதால் சூரியன் முகட்டுக்குப் பின்னால் முன்னதாகவே இறங்கிவிடுகிறது. சாலை இருட்டிய பிறகும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். வண்டிகள் முகப்பு விளக்கைப் போட்டுவிடும், வானமும் நீலமாக இருக்கும். அந்தச் சிறிது நேரம்தான் நமக்கு வேண்டியது. ஸ்டாண்ட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, முப்பது வினாடி. முன்பு சொன்ன அதே வேகத்தில் வண்டி முப்பது வினாடியில் 150 மீட்டர் ஓடியிருக்கும். படத்தில் அது 150 மீட்டர் நீள ஒளிக்கோடு.

இதில் பலரைக் குழப்பும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோடு மங்கலாக இருக்கிறது என்று ஷட்டரை ஒரு நிமிடமாக்குவார்கள். கோடு நீளுமே தவிரப் பிரகாசமாகாது. ஏனென்றால் ஓடும் விளக்கு சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்கு மறுபடி வெளிச்சம் வரப்போவதில்லை. ஆக, கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்வது அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும். கோட்டின் நீளத்தையும், அசையாத வானம், மலை, பாறை ஆகியவற்றின் வெளிச்சத்தையும் ஷட்டர் முடிவு செய்கிறது. வானம் இருண்டு கோடு சரியாக இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். வானம் சரியாக இருந்து கோடு வெளிறினால் துவாரத்தை ஒரு படி ஒடுக்கி, நேரத்தை ஒரு படி நீட்டுங்கள். இரண்டு எண்களும் ஒரே படத்துக்குள் தனித்தனி வேலை பார்ப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடம் வேறு இல்லை. அதற்குப் பதினேழு வளைவுகளை வாசலிலேயே வைத்திருக்கிறோம்.

கைப்பேசி மட்டுமே இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு சொல். பெரும்பாலான கைப்பேசிகளில் அப்பர்ச்சர் மாறாது, ஷட்டரும் ஐ.எஸ்.ஓ.வும்தான் மாறும். பின்னணியைக் கலங்கடிப்பது மென்பொருளின் கைவேலை. ஆனாலும் 'புரோ' என்ற முறையில் போய் ஷட்டரை நீங்களே வைக்கலாம். இன்று சொன்னதில் ஷட்டர் பாதி முழுவதும் உங்களுக்குச் செல்லும்.

நாளைக்கே செய்ய ஒரு வேலை தருகிறேன். ஒரு பொருளை, ஒரு வெளிச்சத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுத் திண்ணையில் காயும் மிளகாகவும் இருக்கலாம், கடைத்தெருவில் டீ ஆற்றும் கையாகவும் இருக்கலாம். அப்பர்ச்சரையும் ஷட்டரையும் நாமே வைக்கும் 'எம்' முறையில் வைத்து, நான் சொன்ன ஐந்து இணைகளைப் போலவே சம வெளிச்சத்தில் ஐந்து படம் எடுங்கள். ஐந்தையும் அடுத்தடுத்து வைத்து, நீங்கள் பார்த்தது எதில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். விடை கிடைத்ததும் அந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேமராவை எடுக்கும்போது எண்ணிலிருந்து தொடங்காமல், எதை விட மாட்டேன் என்பதிலிருந்து தொடங்குவீர்கள். அசைவா? முதலில் ஷட்டரை வையுங்கள். ஆழமா? முதலில் அப்பர்ச்சர். மற்றதை வெளிச்சத்துக்கு ஏற்பச் சரிக்கட்டுங்கள். எட்டாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். அதுவும் எட்டாவிட்டால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

கேமரா கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். கேள்விகளைக் கையில் கேமராவோடு பேசுவோம்.